கரிச்சான் கொடுக்காத குரல்

கோடையில் காட்டில் வற்றாமல் இருந்தது ஆனைமடு என்ற குளம் ஒன்றுதான். அதற்காகக் காட்டுப்பன்றிகளும் செந்நாய்களும் ஓயாமல் சண்டை போட்டன.

மையன் என்ற கரிச்சான் குருவி பன்றிகளின் பக்கம். பன்றிகள் மண்ணைக் கிளறும்போது பறக்கும் பூச்சிகளைப் பிடித்துத் தின்றுதான் அவன் பிழைத்தான். எந்த மிருகத்தின் குரலையும் அப்படியே எழுப்புவான். அதனால் பன்றித் தலைவன் கோரையன் அவனை ஒற்றனாக வைத்துக்கொண்டான்.

சென்ற மாதம் மையன் துப்பு சொல்லித்தான் செந்நாய்களின் கிழத் தலைவன் செத்தான். அன்று பன்றிகள் சேற்றில் புரண்டு கூத்தாடின. ஆனால் மறுநாளே செந்நாய்கள் பழிவாங்க வந்தன. இரண்டு பன்றிக்குட்டிகள் போயின. அவற்றின் தாய் குமரி அழுத அழுகை மையனின் காதை விட்டுப் போகவே இல்லை.

இப்போது கோரையன் மறுபடி கூப்பிட்டான்.

"மையா! புதுத் தலைவி செம்பியையும் தீர்த்துவிட வேண்டும். நாங்கள் மூங்கில் புதரில் பதுங்கியிருப்போம். அவள் தனியாக வரும்போது, புதருக்கு மேலிருந்து செந்நாய்க்குட்டியைப் போல அழு. ஓடி வருவாள். மற்றதை என் கோரைப்பல் பார்த்துக்கொள்ளும்!"

"சரி தலைவரே" என்றான் மையன். வேறென்ன சொல்வான்?

செம்பி எப்போது தனியாகக் கிளம்புவாள் என்று பார்க்க, மறுநாள் காலையிலேயே போய்ச் செந்நாய்களின் குகைக்கு மேலே வேங்கை மரத்தில் உட்கார்ந்தான். கீழே பெரிய வாக்குவாதம்.

"பகலில் பன்றிகள் குடிக்கட்டும், அந்தியில் நாம் குடிப்போம். இதைச் சொல்ல நானே அவர்களிடம் போகிறேன்" என்றாள் செம்பி.

வெடுக்கன் என்ற இளம் செந்நாய் உறுமினான். "நீ இருக்கும் வரைதான் இந்தப் பேச்சு! நீ போய்விட்டால் நான்தான் தலைவன். அப்புறம் ஒரு பன்றிக்குட்டி மிஞ்சாது!"

மையனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதைச் சொல்லக் கோரையனிடம் பறந்தான். ஆனால் அதற்குள் செம்பி குகையை விட்டுக் கிளம்பிவிட்டாள். மையன் மூங்கில் புதருக்கு மேல் போய் உட்காரும்போதே அவள் தன்னந்தனியாக, ஆனைமடுவுக்குப் போகும் பாதையில் வந்தாள். மூங்கில் புதரில் கோரையனின் கண்கள் மின்னின.

"இப்போது! அழு!" என்று கிசுகிசுத்தான் கோரையன்.

மையன் அலகைத் திறந்தான். குட்டியின் அழுகை தொண்டை வரை வந்துவிட்டது. அதை விழுங்கிவிட்டு, புலியைக் கண்ட குரங்கைப் போல உரக்கக் கத்தினான். "கக்! கக்! கக்!"

செம்பி சட்டென்று நின்றாள். ஒரே தாவில் பாறை மேல் ஏறிவிட்டாள்.

"துரோகி!" கோரையன் மூங்கிலை முட்டினான். மற்றப் பன்றிகளும் சீறின. "உன் இறகைப் பிய்த்து எறிகிறேன்!"

"பிய்த்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் இதைக் கேளுங்கள்" என்றான் மையன். செம்பி பேசியதைச் செம்பியின் குரலிலும், வெடுக்கன் பேசியதை வெடுக்கனின் குரலிலும் சொல்லிக் காட்டினான்.

குமரிதான் முதலில் வாய் திறந்தாள்.

"அண்ணே, போன தடவை ஜெயித்தோம் என்று சொன்னீர்கள். என் பிள்ளைகள் எங்கே?"

கோரையன் தலையைத் தொங்கப் போட்டான். பிறகு புதரை விட்டு வெட்டவெளிக்கு வந்தான்.

"செம்பி! உன்னைக் கொல்லத்தான் வந்தேன். அந்த எண்ணத்தை விட்டுவிட்டேன். தண்ணீரைப் பற்றிப் பேசலாமா?"

செம்பி பாறையை விட்டு இறங்கவில்லை. "அங்கேயே நில். அப்படியே பேசு" என்றாள்.

பேசினார்கள். ஆளுக்கொரு வேளை என்று முடிவாயிற்று. செம்பி உயிரோடு இருந்ததால் வெடுக்கனும் பல்லைக் கடித்துக்கொண்டு ஒத்துக்கொண்டான். அன்று அந்தியில் செந்நாய்கள் வந்து குடித்துவிட்டுப் பேசாமல் திரும்பின. காவலுக்கு நின்ற பன்றிகள் பெருமூச்சு விட்டு ஒவ்வொன்றாகப் படுத்தன. குட்டிகள் பயமில்லாமல் உருண்டு விளையாடின. மையன் அவற்றுக்கு மேலே ஒரு கிளையில் வந்து உட்கார்ந்தான். அந்தக் கோடையிலேயே முதல் தடவையாக, தலையை இறகுக்குள் செருகிக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினான்.

எதிரியின் தலைவனை மறைந்திருந்து கொன்றால் சண்டை முடிந்துவிடும் என்று நினைப்பவர்கள், பல சமயம் சமாதானம் பேச வந்தவரையே கொன்றுவிடுவார்கள்.