ஒரு சாண் இழை

"நான் சொன்னது நெசந்தானுங்களே, அம்மிணி?"

வையாபுரி இதைக் கேட்பது மூன்றாவது நாளாக.

மயிலாத்தாள் ஒரு கந்தல் மூட்டையை அவிழ்த்து அவர் முன்னால் கவிழ்த்தாள்.

"பிரிங்க," என்றாள்.

மயிலாத்தாளை யாரும் குரு என்று சொன்னதில்லை. ஈரோட்டுக்கு வெளியே ஒரு கிடங்கில் கந்தல் பிரிக்கிறவள். நாற்பது வயது இருக்கும். காவி கட்டியதில்லை, கண்ணை மூடி உட்கார்ந்ததில்லை. ஆனாலும் மனசு சரியில்லாதவர்கள் அவளைத் தேடி வந்தார்கள். வந்தவர்களுக்கு அவள் முதலில் கொடுப்பது ஒரு மூட்டை. பாதிப் பேர் அதைப் பார்த்ததும் எழுந்து போய்விடுவார்கள்.

வையாபுரி போகவில்லை. அவருக்கு அறுபத்தாறு வயது. முப்பத்தைந்து வருஷம் மில்லில் துணி சோதிக்கிற வேலை. விரல் வைத்தால் போதும், துணியின் ஜாதகத்தையே சொல்லிவிடுவார். அந்தக் கர்வம் அவருக்குக் கொஞ்சநஞ்சமல்ல.

"இது காடா, வெளுக்காத துணி. இது பாப்ளின். இது ட்வில், சாய்வாக் கோடு ஓடுது பாருங்க. இதுல நெடுக்க ஓடற பாவு பருத்தி. குறுக்க ஓடற ஊடை வேற."

"பேரெல்லாம் எனக்கு எதுக்குங்க?"

அவளிடம் இரண்டு குவியல்தான். கந்தலின் முனையைத் தண்ணீரில் நனைத்துப் பார்ப்பாள். குடிக்கிறது ஒரு பக்கம், குடிக்காதது ஒரு பக்கம்.

அவர் மத்தியானம் வரை பிரித்தார். பிறகு கையை உதறிவிட்டு மறுபடியும் கேட்டார்.

"நெசத்தச் சொல்றது தப்புங்களா?"

"எந்த நெசத்த?"

அவர் சொன்னார்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவர் மகளுக்குக் கல்யாணம். தங்கை தெய்வாத்தாள் அத்தை சீராக ஓர் அரக்குப் பட்டுச் சேலை கொண்டுவந்தாள். தட்டில் வைத்து, பூ வைத்து, சபையில் நீட்டினாள்.

அவர் விரல் சும்மா இருக்கவில்லை. சேலையின் ஓரத்தை நெருடிப் பார்த்தார். ஊசியால் ஓர் இழையை நெம்பி உருவினார். மணமேடையில் எரிந்த குத்துவிளக்கில் அதைக் காட்டினார்.

பட்டு என்றால் முடி கருகிய வாசம் வரும், சாம்பல் பொடியும். இது உருகிக் கறுப்பு மணியாகத் திரண்டது.

"பாலியெஸ்டர்," என்றார். நாலு பேருக்குக் கேட்கும்படியாகத்தான் சொன்னார்.

யாரோ சிரித்தார்கள். வீடு தேடி வந்த சேலைக்காரன் பட்டு என்று அவள் தலையில் கட்டியிருக்கிறான். அது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது.

தெய்வாத்தாள் சேலையை மடித்து எடுத்துக்கொண்டு போனாள். சாப்பிடாமல் போனாள்.

"முறுக்கிட்டுப் போறா, தானா வருவான்னு இருந்துட்டனுங்க. நானும் போகல, அவளும் வரல."

"அப்புறம்?"

"போன ஆடியில செத்துப்போயிட்டா."

மயிலாத்தாள் கையிலிருந்த கந்தலைக் கீழே வைத்தாள்.

"கூடப் பொறந்தவன் கோடித்துணி போடோணுமில்லீங்களா? எடுத்துட்டுப் போனேன். போனா, அந்த அரக்குச் சேலையத்தான் அவளுக்குக் கட்டியிருந்தாங்க."

அவர் தன் விரல் நுனியைப் பார்த்துக்கொண்டார்.

"கோடியப் போட்டுட்டுக் குனிஞ்சவன், அந்த ஓரத்தத் தடவிப் பாத்தனுங்க. செத்துக் கிடக்கறவ சேலையத் தடவிப் பாத்தனுங்க. வெரலு தானாப் போச்சு. நான் இழை உருவுன எடம். ஒரு சாண் நீளம். அங்க வேற இழை கோத்திருந்தா. மாம்பழ மஞ்சள்."

"அது என்ன இழை?"

"பட்டு. அசல் பட்டு. அவ கல்யாணத்துக்கு நான் எடுத்துக் குடுத்த சேலையில உருவுனது. அந்த மஞ்சள் எனக்குத் தெரியாதுங்களா?"

"உருவுன இழைக்கு எதுக்குங்க மாத்து இழை? அப்படியே உட்டிருக்கலாமே."

"அதுதானுங்க எனக்கும் வெளங்கல."

மயிலாத்தாளுக்கும் விளங்கவில்லை போலிருக்கிறது. எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

தண்ணீரைக் குடித்துவிட்டு அவர் பையிலிருந்து ஒரு சேலையை எடுத்தார். மயில்கழுத்து நிறம், அகலக் கரை.

"வர்ற வெள்ளிக்கிழமை அவ மக கோகிலாவுக்குக் கல்யாணம். தாய்மாமன் சீர் நாந்தான் வெக்கோணும். கோகிலா பத்திரிகை அனுப்பியிருக்குது. எந்த மூஞ்சிய வெச்சுட்டு அந்தச் சபையில நிக்கறதுன்னு தெரியலீங்க அம்மிணி. போகாம இருக்கவும் முடியல."

அவள் சேலையைத் தொடவில்லை.

"பட்டுங்களா?"

"அசல் பட்டு."

"எப்படித் தெரியும்?"

"ஓர் இழைய உருவிக் கொளுத்…"

அவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். முகம் கறுத்துப்போனது.

"எங்க உருவினீங்க?"

"குஞ்சத்துல மட்டும் பட்டு வெச்சு ஏமாத்துவாங்க. அதனால உள்ள…"

அவர் சேலையை விரித்தார். முந்தானைக்குப் பக்கத்தில் ஒரு சாண் நீளத்துக்கு மெல்லிய கோடு வெளிறித் தெரிந்தது.

மயிலாத்தாள் எழுந்து குடிக்காத குவியலுக்குப் போனாள். வெகுநேரம் கிளறினாள். அரக்கு நிறத்தில் ஒரு கந்தலைத் தேடி எடுத்தாள். அதில் ஓர் இழையை உருவி, ஊசியோடு அவர் கையில் வைத்தாள்.

"கோருங்க."

"இது பட்டில்லீங்க அம்மிணி."

"பேரு எனக்குத் தெரியாதுங்க."

"கண்ணுக்குத் தெரியுமுங்க. சபையில எல்லாரும் பாப்பாங்க."

"உங்க தங்கச்சி சேலைய அன்னிக்கு எல்லாரும் பாக்கலீங்களா?"

அவர் ஊசியை வாங்கிக்கொண்டார்.

பாவுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என்று பொழுது சாயும்வரை கோத்தார். முப்பத்தைந்து வருஷம் அடுத்தவர் துணியில் குற்றம் கண்டுபிடித்த விரல்கள். ஒரு சாண் முடிப்பதற்குள் நான்கு இடத்தில் குத்திக்கொண்டன.

மயில்கழுத்தில் அரக்கு இழை பளிச்சென்று தெரிந்தது.

சேலையை மடித்தார். நெசந்தானுங்களே என்று அன்றைக்கு மறுபடியும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை போனார். சபை நிறைந்திருந்தது. அன்றைக்குச் சிரித்தவர்களில் பாதிப் பேர் அங்கே இருந்தார்கள். மேடையில் குத்துவிளக்கு எரிந்தது.

தட்டை நீட்டினார். கோகிலா சேலையை எடுத்து மார்போடு வைத்துப் பார்த்தாள். முந்தானையைத் தடவிய அவள் கை ஓரிடத்தில் நின்றது.

"இதென்னங்க மாமா?"

வையாபுரி விளக்கைப் பார்த்தார். பிறகு, நாலு பேருக்குக் கேட்கும்படியாகச் சொன்னார்.

"பாலியெஸ்டர், சாமி."

யாரோ சிரித்தார்கள். "வையாபுரிக்கே தலையில கட்டிட்டாங்களா," என்றது ஒரு குரல்.

கோகிலா சிரிக்கவில்லை. அந்த ஒரு சாண் இழையை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை தடவினாள். அம்மாவின் அரக்கு நிறம் அவளுக்குத் தெரியாதா?

"அந்தக் கல்யாணத்தன்னிக்கு ராத்திரி அம்மாளுக்கு ஊசியில நூல் கோத்துக் குடுத்தது நாந்தானுங்க மாமா," என்றாள். "அம்மாளுக்குக் கண்ணு தெரியல. அழுதுட்டே இருந்துச்சு."

அவர் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார்.

"எதுக்கும்மா மஞ்சள், அரக்கே கோருன்னு சொன்னேன். கேக்கல. அண்ணன் வருவாரு, வந்தா அவரு வெரலு தானா இங்க போயி நிக்கும், அப்ப என்னன்னு கேப்பாரு, பேச்சு வந்துருமுன்னு சொல்லுச்சு. நல்லது கெட்டது எல்லாத்துக்கும் அந்தச் சேலையத்தான் கட்டுச்சு, நீங்க வருவீங்கன்னு."

நாதஸ்வரக்காரர் வாசிப்பை நிறுத்தியிருந்தார்.

கோகிலா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"கோடி போட்டீங்களே, அன்னிக்கு… வெரலு அங்க போச்சுங்களா, மாமா?"

"போச்சு, சாமி," என்றார் வையாபுரி.