சிவப்புச் சீட்டும் பச்சைச் சீட்டும்

தீர்ப்புச் சொல்லப்போகிறவர் நீங்கள் என்பதால், நடந்ததை நடந்த வரிசையிலேயே சொல்லிவிடுகிறேன்.

கோவில்பட்டியில் ஒரு தனியார் மருத்துவமனை. வரவேற்பு மேசையில் தமயந்தி. பக்கத்தில் இடுப்பு உயரத்துக்கு ஒரு ரோபோ. வருகிறவர்களிடம் நாலு கேள்வி கேட்டு அது சீட்டுக் கொடுக்கும். சிவப்பு என்றால் உடனே உள்ளே போகலாம். பச்சை என்றால் காத்திருக்க வேண்டும். அது வந்த பிறகு தமயந்திக்குப் பாதி வேலை குறைந்தது உண்மைதான். ஆனால் அது தரும் வரிசையை நர்ஸைத் தவிர யாரும் மாற்றக் கூடாது என்பது மேலாளரின் உத்தரவு. போன மாதம் தமயந்தி ஒருமுறை மாற்றிவிட்டு, எழுத்தில் எச்சரிக்கை வாங்கியிருந்தாள். இன்னொரு தடவை என்றால் வேலை போய்விடும்.

ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, கனகமணி என்ற அம்மாளை மகன் ராஜதுரை தாங்கிப் பிடித்து அழைத்து வந்தான். ஆஸ்துமா. "மூச்சுத் திணறல் உண்டா?" என்றது ரோபோ. "உண்டு" என்றார். சிவப்புச் சீட்டு வந்தது. அவசரப் பிரிவில் ஒரே ஒரு கட்டில்தான் காலி. அதையும் அப்போதுதான் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்து சுடலைமுத்து, லாரி ஓட்டுநர், தனியாக நடந்தே வந்தார்.

"நெஞ்சு வலி உண்டா?"

"வலியெல்லாம் இல்ல. ஒரு அமுக்கமா இருக்கு, அவ்வளவுதான்."

'இல்ல' என்பதை மட்டும் ரோபோ பிடித்துக்கொண்டது. பச்சைச் சீட்டு, எண் முப்பத்தெட்டு.

தமயந்தி நிமிர்ந்து பார்த்தாள். ஏசி ஓடும் கூடத்தில் அவருடைய சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. இடது கையை உதறிக்கொண்டே இருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. உடனே உள்ளே போன் செய்தாள்.

"ஆக்சிடென்ட் கேஸ்ல இருக்கேன். பத்து நிமிஷம் ஆகும்" என்று நர்ஸ் வைத்துவிட்டாள்.

"கட்டில் தயார். சிவப்புச் சீட்டு உள்ளே வரவும்" என்றது ரோபோ.

தமயந்தி எழுந்து கனகமணியிடம் போனாள். "அம்மா, அவருக்கு மாரடைப்போன்னு பயமா இருக்கு. பத்து நிமிஷம் தாங்குவீங்களா?"

"நம்பர் எங்களுது!" ராஜதுரை பாய்ந்தான். "நீங்க யாருங்க மாத்துறதுக்கு?"

கனகமணி மகனின் கையைப் பிடித்து அழுத்தினார். பேச்சு துண்டு துண்டாக வந்தது. "அவர... கூட்டிட்டுப் போம்மா."

தமயந்தியே சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

ஐந்தாவது நிமிடம் கனகமணி சரிந்து விழுந்தார். ரோபோ அபாய மணியை அடித்தது. மகன் தாயைத் தூக்கிக்கொண்டு கத்தியபடி ஓடினான்.

சுடலைமுத்துவுக்கு மாரடைப்பேதான். கால் மணி தாமதித்திருந்தால் உயிர் கை நழுவிப் போயிருக்கும் என்றார் டாக்டர். கனகமணியோ மூன்று நாள் செயற்கைச் சுவாசத்தில் கிடந்து பிழைத்தார். அந்த மூன்று நாளும் ஐசியு வாசலில் போய் நிற்காமல் தமயந்தி வீட்டுக்குப் போகவில்லை. ராஜதுரை புகார் எழுதிக் கொடுத்தான். மேலாளர் அவளை அழைத்தார்.

தான் சொன்ன வரிசையிலேயே ரோபோ உறுதியாக நின்றது. தமயந்தி அதை மீறினாள். கனகமணி தன் முறையை விட்டுக்கொடுத்தார். இதில் யார் செய்தது சரி?

விடை: தமயந்தி செய்ததுதான் சரி, ஆனால் முழுச் சரி என்று சொல்ல மாட்டேன். ரோபோ கேட்ட பதிலுக்குச் சீட்டுக் கொடுத்தது. ஆளைப் பார்த்து முடிவெடுக்க அதற்கு யாரும் சொல்லித்தரவில்லை. கனகமணியின் மனசு பெரியது. என்றாலும் மூச்சுக்குத் தவிக்கிறவரிடம் சம்மதம் வாங்குவது அவர் தலையில் பாரத்தை ஏற்றுவதாகும். அந்தப் பாரத்தைச் சுமக்க வேண்டியவள் மேசையில் இருப்பவள்தான். அவரிடம் கேட்டது அவள் பிழை, ஆனாலும் பாரத்தைத் தானே சுமந்தாள். கனகமணி பக்கத்தில் மருத்துவமனை ஆள் ஒருவரை நிறுத்தாமல் ஓடியதும் அவள் பிழை. மேலாளரிடம் அவளே இரண்டையும் சொன்னாள். வேலை போகவில்லை, வரிசையை மாற்றும் உரிமை அவளுக்கும் வந்தது. ராஜதுரை புகாரைத் திரும்பப் பெறவில்லை. திரும்பப் பெறும்படி அவளும் கேட்கவில்லை.