படகேறப் பாட்டுக் கேட்ட பண்டிதர்

ரொம்ப காலத்துக்கு முன்னாடி, மேகம் தெருவுல படுத்துத் தூங்குற ஒரு நாட்டை முகில்வர்மன்னு ஒரு ராசா ஆண்டாரு. அவருக்குப் பாதி நேரம் தூக்கம். மீதி நேரம், அந்தத் தூக்கத்துல கண்ட கனவைச் சட்டமாக்குற வேலை. வாத்தைக் கண்டா கும்பிடணும்னு ஒரு நாள் சொல்வாரு. மறுநாள் வாத்துன்னு சொன்னாலே கசையடி. இந்த ஆளை எதுக்குய்யா சிம்மாசனத்துல வச்சீங்கன்னு கேட்க அங்க ஒருத்தனுக்கும் வாய் இல்ல. ஒருத்திக்கு இருந்துச்சு. மந்திரி நீலாயி.

ஊரை ஒட்டிப் பால் மாதிரி ஒரு ஆறு. தண்ணி எங்க முடியுது, பனி எங்க தொடங்குதுன்னே தெரியாது. அதுல ஒரே ஒரு படகு. ஓட்டினது அனந்தகோடிப் பண்டிதரோட மடம். படகோட்டிங்க தின்னது அரண்மனைக் களஞ்சியத்து நெல்லு. பனியில முகம் தெரியாதுல்ல? அதனால படகோட்டி மடத்துப் பாட்டுல ஒரு அடி பாடுவான். கரையில நிக்கிறவங்க அடுத்த அடியைப் பாடினா படகு ஒதுங்கும். பாடலைன்னா, கனவு மாதிரி அப்படியே கடந்து போயிடும்.

ஒரு நாள் காலையில சடச்சின்னு ஒருத்தி சபைக்குள்ள ஓடி வந்தா.

"ராசா, அக்கரையில எம்மவளுக்குப் பிள்ளைவலி. தலைப்பிரசவம். மூணு தடவை படகு என்னைத் தாண்டிப் போயிடுச்சு!"

"ரெண்டு வரி பாட வேண்டியதுதானே?"ன்னாரு ராசா.

"எங்களுக்குப் பாம்புப் புத்துதான் சாமி. வேற சாமியைப் பாட மாட்டோம்னு சத்தியம். அவசரத்துக்கு மாத்திக் கட்ட அது என்ன சேலையா?"

பண்டிதர் எழுந்தாரு. அவருக்கு நீலாயியோட ஆசனத்து மேல ரொம்ப நாளா கண்ணு.

"பிரபு, அவரவர் சாமி அவரவர் இஷ்டம்னு சட்டம் போட்டதே நீங்கதான். எங்க பாட்டு எங்க இஷ்டம். மந்திரியம்மாவுக்கு அது புரியலைன்னா, அந்த ஆசனத்துல நான் உக்காந்துக்கிறேன்."

"அதுவும் சரிதான்"னு கொட்டாவி விட்டாரு ராசா.

"பண்டிதர் சொல்றது நூத்துக்கு நூறு நியாயம்"னா நீலாயி.

சடச்சி வாயில அடிச்சுக்கிட்டா. "அட, நீயுமாம்மா?"

நீலாயி கையைத் தட்டி ஒரு நெல் மூட்டையைக் கொண்டாரச் சொன்னா. சபை நடுவுல கொட்டினதும், பனிக்குள்ள சின்ன சூரியன் மாதிரி நெல்லு மினுங்குச்சு.

"பண்டிதரே, இது உங்க படகோட்டிங்களுக்குக் கூலியா அளக்குற படி நெல்லு. உங்க பாட்டைப் பாடாதவங்க படகுல ஏறக் கூடாதுன்னா, அவங்க விளைச்ச நெல்லும் உங்க உலையில ஏறக் கூடாதுல்ல? எல்லாச் சனமும் வரியா அளந்தது இதுல கலந்து கிடக்கு. உங்க ஆளுங்க நெல்லை மட்டும் பொறுக்கிக்குங்க. சீக்கிரம்! அங்க ஒருத்தி வலியில துடிக்கிறா."

பண்டிதர் குனிஞ்சு ஒரு நெல்லை எடுத்தாரு. திருப்பிப் பார்த்தாரு. முகர்ந்து பார்த்தாரு.

"இது... நெல்லு மாதிரி இருக்கு."

"அதேதான் பண்டிதரே."

சபையே சிரிச்சுச்சு. ராசாவுக்கு இப்பதான் முழுசா தூக்கம் கலைஞ்சுது. "மடத்தை மூடு! இனி நாட்டுல யாரும் சாமி பாட்டே பாடக் கூடாது!"

"உக்காருங்க ராசா!"ன்னு அதட்டினா நீலாயி. "அவர் பாட்டு உங்களை என்ன கடிச்சுதா? தொண்டை அவரோடது, பாடட்டும். நெல்லு ஊரோடது. அதைத் தின்னுட்டு ஓட்டுற படகு ஊரையே ஏத்தணும். முடியாதுன்னா நெல்லை விட்டுட்டு மடத்துச் சோத்துல ஓட்டட்டும். அதுல யாரை ஏத்துறாருன்னு நாம கேட்க மாட்டோம். ஊருக்கு நாம வேற படகு விடுவோம்."

ராசா முத்து மாலையைக் கழட்டி நீலாயி கழுத்துல போட்டாரு.

"பண்டிதரே, எது வேணும்?"

பண்டிதர் குவியலைப் பார்த்தாரு. "நெல்லு..."

"அப்ப இந்தம்மாவை நீரே அக்கரை கொண்டு போய்ச் சேரும்."

பட்டுச் சால்வை தண்ணியில புரளப் பண்டிதர் துடுப்புப் போட்டாரு. கரை மறைஞ்சுது, வானமும் மறைஞ்சுது. படகு மேகத்துக்குள்ள போற மாதிரி இருந்துச்சு. நடு ஆத்துல பழக்க தோஷம், துடுப்பை நிறுத்திட்டுக் கண்ணை மூடிப் பாட ஆரம்பிச்சாரு.

"பாடுங்க சாமி, நல்லாத்தான் இருக்கு"ன்னா சடச்சி. "ஆனா துடுப்பை நிறுத்தாம பாடுங்க. எம்மவ காத்துக்கிட்டுக் கிடக்கா."

பண்டிதர் பாடிக்கிட்டே துடுப்பு வலிச்சாரு. பேரன் தலை காட்டுறதுக்கு முன்னாடி சடச்சி மக பக்கத்துல இருந்தா.