பச்சை காட்டிய அஸ்திவாரம்

“எல்லாம் பச்சை, டீச்சரம்மா! ஒரு பொட்டுச் சிவப்பு இல்லை. இனிமே கையெழுத்துப் போட என்ன தடை?”

மேஸ்திரி சூசைராஜ் மடிக்கணினியைக் குழந்தையைப் போல ஏந்திக்கொண்டு ஓடிவந்தார். வயது ஐம்பத்தாறு. ஓட்டத்தில் அது தெரியவில்லை.

டீச்சரம்மா என்று அவர் கூப்பிட்டது பொறியாளர் நஸ்ரினை. அவருடைய மகள் வயதுதான் அவளுக்கு. மூன்று மாதமாக அவருக்கு லேசர் ஸ்கேனர் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். எதைக் கேட்டாலும் நேராகப் பதில் சொல்லித் தொலைக்க மாட்டாள் என்பது ஒன்றுதான் அவருக்கு மனத்தாங்கல்.

குளத்தில் மண் கொட்டி மேடாக்கிய இடம் அது. பிரசவ ஆஸ்பத்திரி கட்ட, ஒரே பாளமாகக் கான்கிரீட் அஸ்திவாரம் போட்டிருந்தார்கள். போட்டவர் சூசைராஜ்தான்.

பத்து நாளைக்கு முன் அதை லேசரால் அளந்தார். நடுவில் பேய்மழை. இன்று மறுபடி அளந்து, இரண்டு அளவையும் பொருத்திப் பார்த்தார். அசைந்த இடம் திரையில் சிவப்பாகத் தெரியும். அசையாத இடம் பச்சை. எல்லாம் பச்சை என்றால் தூண்களுக்குக் கான்கிரீட் ஊற்றலாம்.

வாசலில் மூன்று மிக்சர் லாரிகள் வந்து நின்று உறுமிக்கொண்டிருந்தன.

“ரெண்டு அளவையும் எதை வச்சுப் பொருத்துனீங்க, அண்ணே?”

“அடையாளத்துக்கு ஒட்டுற குறி அட்டையை வச்சுத்தான். நீங்க சொன்னபடி நாலு அட்டை.”

“எங்க ஒட்டுனீங்க?”

“வெளியில எல்லாம் சேறு. அதான் நம்ம கான்கிரீட் மேலயே ஒட்டிட்டேன். அதைவிடக் கெட்டியான இடம் இங்க எது?”

அதைச் சொல்லும்போது அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

நஸ்ரின் அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

“நம்ம ரெண்டு பேர்ல யாரு உயரம், அண்ணே?”

“இதென்ன கேள்வி? நான்தான். ஒரு சாண் கூட இருப்பேன்.”

பக்கத்தில் தண்ணீர்த் தொட்டிக்காகத் தோண்டிய இடுப்பளவுப் பள்ளம் இருந்தது. அதற்குள் அவள் பொத்தென்று குதித்தாள்.

“நீங்களும் வாங்க.”

“லாரி காத்துக்கிட்டு நிக்குதும்மா!”

“வாங்க.”

முனகிக்கொண்டே இறங்கினார். ஒரு செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது.

“இப்போ அளங்க.”

அவள் தலைக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார்.

“அதே ஒரு சாண்தான்.”

“அப்போ நாம கீழ இறங்கவே இல்லை.”

“இறங்கலையா? இடுப்பளவு பள்ளத்துல நின்னுக்கிட்டு...”

கான்கிரீட் மேல் ஒட்டியிருந்த அட்டைகளைத் திரும்பிப் பார்த்தார்.

மாட்டிய செருப்பை அங்கேயே விட்டுவிட்டு விறுவிறுவென்று மேலே ஏறினார்.

“சிறுபாலம்! ரோட்டோரச் சிறுபாலம் ரெண்டு அளவுலயும் பதிவாகியிருக்கு, டீச்சரம்மா! அது குளத்துக்கு வெளிய, பாறை மேல நிக்குது! அதை வச்சுப் பொருத்தினா?”

“எனக்கென்ன தெரியும்? நான் பள்ளத்துல இருக்கேன்.”

முதல் லாரி பின்பக்கமாக உள்ளே வர ஆரம்பித்தது. சூசைராஜ் தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, பழைய பொருத்தத்தைக் கலைத்தார். பழைய அளவின் பாலத்தோடு புது அளவின் பாலத்தைச் சேர்த்தார்.

பாலம் பச்சை.

அஸ்திவாரம், மூலைக்கு மூலை, மிளகாய்ப்பொடி கொட்டியதுபோல் சிவப்பு.

இருபத்திரண்டு மில்லிமீட்டர். பாளம் கோணவில்லை, விரிசல் விடவில்லை. சத்தம் காட்டாமல் அப்படியே கீழே போயிருந்தது, நாலு குறி அட்டைகளையும் கூட்டிக்கொண்டு.

தான் போட்ட அஸ்திவாரம் இறங்கினால் எந்த மேஸ்திரிக்கும் அழுகை வரும். சூசைராஜுக்கோ சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. இன்னும் ஒரு தூண்கூட ஏறவில்லை. மேலே ஒரு தாயும் பிள்ளையும் வந்து படுக்கவில்லை.

“நிறுத்து! ஊத்தாதே! நிறுத்து!”

ஒற்றைச் செருப்போடு லாரியைப் பார்த்து ஓடினார்.

ஓட்டுநர் எரிச்சலோடு தலையை வெளியே நீட்டினார். “என்ன மேஸ்திரி, விளையாடுறீங்களா? இப்பத்தானே எல்லாம் பச்சைன்னு குதிச்சீங்க?”

“அப்போ நானும் அதுகூடவே இறங்கியிருந்தேன், தம்பி.”