போனவள் ஆணி

"அக்கா, ஒரு நியாயம் கேக்கணும்" என்றாள் அமலோற்பவம்.

"கேளு."

"ஒரு நாற்காலியில ஒருத்தி உட்கார்ந்திருக்கா. அவளை எழுப்பாமலே அந்த நாற்காலியை இன்னொருத்திக்குக் குடுக்கறேன்னு சொல்றாங்க. அவ போய் உட்காரலாமா, கூடாதா?"

குமுதவல்லி ஒரு பந்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"மொதல்ல நீ உட்காரு. வெயில்ல வந்திருக்க."

அறையில் இருந்ததே ஒரு நாற்காலிதான். அதன் முதுகில் 'வெள்ளாறு மகளிர் கால்பந்து கிளப்' என்று பச்சை பெயிண்டில் எழுதியிருந்தது. அமலு அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டுப் போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

"ஏன், சேருக்கு என்ன?"

"அது உங்க சேருக்கா."

குமுதா நாற்காலியின் முதுகை ஒருதரம் பார்த்தாள். அவள் பெயர் அதில் எங்கேயும் இல்லை. மறுபடியும் காற்றடித்தாள்.

விஷயம் இதுதான்.

வெள்ளாறு கிளப்பின் கோச் குமுதவல்லி. இந்த சீசனில் வரிசையாகத் தோல்வி. முந்தின நாள் கிளப் செக்ரட்டரி தணிகாசலம் அமலுவுக்குப் போன் போட்டார். "நாளைக்கு சாயங்காலத்திலிருந்து நீங்கதாம்மா கோச். அதுவரைக்கும் உங்க குமுதா அக்கா காதுக்குப் போக வேணாம். பாவம், சங்கடப்படுவாங்க" என்றார். எவ்வளவு நல்ல மனசு பாருங்கள்.

யோசித்துச் சொல்கிறேன் என்றாள் அமலு. அவள் போனை வைக்கும்போது பெட்டி கட்டிலின் மேல் திறந்து கிடந்தது.

அவளைக் குற்றம் சொல்லி என்ன? பொங்கலுக்கு முன்னால் அவளையும் ஒரு கிளப் அனுப்பியிருந்தது. அதுவும் எப்படி? அவளிடம் ஆடுகிற பெண் ஒருத்தி போன் செய்து, "மிஸ், நீங்க போறீங்களாமே" என்று அழுதபோதுதான் அவளுக்கே சங்கதி தெரியும். அன்றிலிருந்து வீட்டில் இருக்கிறாள். விடிந்ததும் டிராக் சூட்டைப் போட்டுக்கொண்டு, போக இடமில்லாமல் சமையல்கட்டில் நிற்பது இருக்கிறதே, அந்தக் கொடுமை எதிரிக்கும் வேண்டாம். "போதும்டி ஓடினது" என்றான் புருஷன். அன்பாகத்தான் சொன்னான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

இந்தப் பக்கம் குமுதா. செங்கல் சூளையில் மண் மிதித்துக்கொண்டிருந்த அமலுவைப் பார்த்து, "இந்தக் காலு எனக்கு வேணும்" என்று அவள் அப்பனோடு மல்லுக்கு நின்று கூட்டிவந்தவள். பந்தைத் தொடக் கற்றுக்கொடுத்தவள். பிற்பாடு கோச் வேலையையும் கற்றுக்கொடுத்தவள். அவளுக்குக் கல்யாணமில்லை, காட்சியில்லை. எந்த கிளப் அறை தருகிறதோ அதுதான் வீடு. இந்த நாற்காலி போனால் தலைக்கு மேலே கூரையும் போகும்.

அமலுவுக்கு அது நன்றாகத் தெரியும். அதனால்தான் நேரில் போய் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது, அக்கா முகம் கொஞ்சம் சுருங்கினாலும் வந்த பஸ்ஸிலேயே திரும்பிவிடுவது என்று தீர்மானம் பண்ணிக்கொண்டு வந்தாள்.

பெட்டியை மட்டும் பஸ் ஸ்டாண்டு ஜூஸ் கடையில் கொடுத்துவைத்தாள்.

"அக்கா, டீம் தோத்தா அதுக்கு கோச்சா காரணம்?"

குமுதா காற்றடித்த பந்தை அவள் மடியில் போட்டாள்.

"அமுக்கிப் பாரு."

"கிண்ணுனு இருக்கு."

"சரி, வெச்சிரு."

அறையின் மூலையில் பம்புகள் சாத்திக் கிடந்தன. சிவப்பு, நீலம், மஞ்சள். சிலது உறைகூடப் பிரிக்காமல் இருந்தது.

"எதுக்குக்கா இத்தனை பம்பு?"

"பந்துல காத்து நிக்கலைன்னு சொன்னேன். ஒரு பம்பு வாங்கிக் குடுத்தாங்க. திரும்பவும் நிக்கலைன்னேன். இதைவிடப் பெரிய பம்பா வாங்கிக் குடுத்தாங்க."

"பந்து?"

"பந்து அதேதான்."

அமலு சிரித்துவிட்டாள். குமுதா சிரிக்கவில்லை. அமலு சிரிப்பை நிறுத்திக்கொண்டு சுவரைப் பார்த்தாள்.

சுவர் நிறைய ஆணி. துருப்பிடித்தது, வளைந்தது, தலை உடைந்தது என்று கண்ட இடத்திலெல்லாம் ஆணி.

"இது என்னக்கா கூத்து? இத்தனை ஆணியில என்னத்த மாட்டறது?"

"விசில். இந்த ரூமுக்கு வந்த ஒவ்வொரு கோச்சும் ஒண்ணு அடிச்சிருக்கா. வேலையை விட்டுத் தூக்கினவ ஆணியில புதுசா வர்றவ விசில் மாட்டமாட்டா. ராசி இல்லையாம்."

"பழசையெல்லாம் பிடுங்கித் தொலைச்சிடலாமே."

"பிடுங்கினா ஓட்டை தெரியும். ஓட்டையைப் பார்த்தா இன்னும் பயம்."

"நீங்க அடிச்சது எது?"

"நான் எங்கடி அடிச்சேன்? இருக்கறதுல ஒண்ணுல மாட்டிக்கிட்டேன்."

குமுதாவின் விசில் இப்போது அவள் கழுத்தில் இருந்தது. ஓ, அதனாலதான் இப்படித் தொடர்ந்து தோத்தாங்களோ என்று அமலுவுக்கு ஒரு நினைப்பு ஓடியது. சீ, என்ன புத்தி இது என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

"பெட்டியை எங்க வெச்சுட்டு வந்த?" என்றாள் குமுதா.

அமலு கைப்பையைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

"எந்தப் பெட்டிக்கா?"

"உன் கைப்பையில விசில் கயிறு தொங்குது. என்னைப் பார்க்க வர்றவளுக்கு விசில் எதுக்குடி?"

அமலு கயிற்றை உள்ளே தள்ளினாள். தள்ளி என்ன பிரயோசனம்?

"ஜூஸ் கடையில" என்றாள். "உங்களுக்கு முன்னாடியே தெரியுமாக்கா?"

"உன் நம்பரை அந்தாளு என்கிட்டதான் வாங்கினாரு. எனக்கு ஒத்தாசைக்கு ஒரு ஆள் போடப்போறாராம். ஒத்தாசைக்கு ஒரு நல்ல பந்து வாங்கிக் குடுக்காதவரு."

"தெரிஞ்சுமா குடுத்தீங்க?"

"உனக்கு வேலை இல்லையேடி."

அமலு அழுதாள். நிஜமான அழுகைதான், அதில் ஒரு பொட்டு வேஷமில்லை.

"வேணாம்க்கா. உங்க சோத்தைப் பிடுங்கித் தின்னா எனக்கு செரிக்காது. இப்பவே போன் போட்டு முடியாதுன்னு சொல்லிடறேன்."

"சொல்லு."

அமலு போனை எடுத்தாள். பார்த்தாள்.

"இங்க டவர் இல்லக்கா."

"மொட்டை மாடியில கிடைக்கும்."

மொட்டை மாடியில் டவர் அமோகமாகக் கிடைத்தது. தணிகாசலத்தின் நம்பரும் தேடாமலே கிடைத்தது. கூப்பிட வேண்டியதுதான் பாக்கி.

கீழே மைதானத்தில் பிள்ளைகள் பயிற்சியில் இருந்தார்கள். இடது ஓரத்தில் ஒருத்தி ஓடிக்கொண்டிருந்தாள். நெட்டைக்கால், நல்ல வேகம். இவளை எதுக்கு ஓரத்துல போட்டு வீணடிக்கறாங்க, நடுவுல விட்டா பிச்சு உதறுவாளே என்று நினைத்தாள் அமலு. கோல்கீப்பர் வலையை விட்டு ரொம்ப முன்னால் வந்து நின்றாள். அவளுக்கு நிற்கத் தெரியவில்லை, முதல் வேலையாக அவளை மாற்றவேண்டும். பின்வரிசையில் இருக்கிற அந்தக் குள்ளப் பெண்ணையும் உட்காரவைக்க வேண்டும். அப்படிச் செய்தால் அடுத்த மேட்ச்சை டிராவாவது பண்ணலாம்.

கையிலிருந்த போனின் வெளிச்சம் எப்போதோ அணைந்துபோயிருந்தது. அவள் அதைத் திரும்பத் தொடவில்லை.

இறங்கி அறைக்கு வந்தாள். குமுதா ஒரு பழைய பையில் துணிகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"எடுக்க மாட்டேங்கறாருக்கா அந்த மனுஷன். அடிச்சு அடிச்சுப் பார்த்துட்டேன்."

"சரி."

"கொஞ்ச நேரம் கழிச்சுத் திரும்பப் போட்டுப் பாக்கறேன்."

"சரிடி."

குமுதா ஒரு புடவையை உதறி மடித்தாள். அப்புறம், "வந்த உடனே ஏதோ நியாயம் கேட்டியே" என்றாள்.

"ஆமாக்கா."

"இன்னும் அதுக்கு பதில் வேணுமா?"

அமலு குனிந்து பார்த்தாள்.

நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எப்போது உட்கார்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது. தேள் கொட்டினவள் மாதிரி எழுந்தாள்.

"அட, உட்காரு. மாடி ஏறி இறங்கியிருக்க."

தரையில் விட்டுப்போன பந்து அங்கேயேதான் கிடந்தது. அதற்குள் பாதி காற்று இறங்கியிருந்தது.

சாயங்காலம் தணிகாசலம் காரில் வந்தார். கையில் பிளாஸ்டிக் கவரில் ஒரு சால்வை. இரண்டு பேரையும் ஒரே அறையில் பார்த்ததும் கொஞ்சம் திகைத்தார். திகைப்பு ஒரு நிமிஷம்தான்.

"அடடே, நீங்களே பேசி முடிச்சுட்டீங்களா? நல்லதாப் போச்சு. எனக்கு இதையெல்லாம் வாயால சொல்ல வராது பாருங்க."

சால்வையை அமலுவுக்குப் போர்த்தினார். போர்த்திவிட்டுக் குமுதாவிடம் திரும்பினார்.

"மேடம், உங்க உழைப்பை இந்த கிளப் என்னிக்கும் மறக்காது."

குமுதா தன் பையிலிருந்து ஒரு சால்வையை எடுத்து நீட்டினாள். அதே நிறம், அதே கரை. கவர் பிரிக்கவே இல்லை.

"நான் வந்த அன்னிக்கு நீங்க குடுத்தது. எனக்கு வேலையில்லை. அடுத்து வர்றவங்களுக்கு ஆகும்."

வாங்கமாட்டார், வெட்கப்படுவார் என்று நினைத்தாள் அமலு. தணிகாசலம் வாங்கிக்கொண்டார். "ஆமா, எதுக்கு வீணாகணும்" என்று அக்குளில் இடுக்கிக்கொண்டார். அடுத்து வர்றவங்க என்ற வார்த்தை அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. அமலு காதில் விழுந்தது. தோளில் கிடந்த சால்வை சட்டென்று கனத்தது.

"வண்டி சும்மாதான் நிக்குது மேடம். உங்களை பஸ் ஸ்டாண்டுல விட்டுடச் சொல்றேன்."

"சொல்லுங்க. திரும்பி வர்றப்ப அங்க ஜூஸ் கடையில இவ பெட்டி இருக்கு. அதை ஏத்திக்கிட்டு வரச் சொல்லுங்க."

"பரவாயில்லையே, ஒரே நடையில முடிஞ்சுடும்" என்று தணிகாசலத்துக்கு உண்மையிலேயே சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தோடு ஆபீஸ் பக்கம் போய்விட்டார்.

அமலு குமுதாவின் காலில் விழுந்தாள். குமுதா தூக்கி நிறுத்தினாள்.

"அந்த கோல்கீப்பர் பொண்ணுக்குத் தூரத்துல வர்ற பந்து சரியாத் தெரியாதுடி. அதான் முன்னாடி வந்து வந்து நிக்கறா. யார்கிட்டயும் சொல்லிடாத, நிறுத்திடுவாங்க. கண்ணு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ. நாளைக்குப் போறதா இருந்தேன்."

"சரிக்கா."

வேறு எதையாவது கேட்டிருக்கலாம். எங்கே போவீங்க, ராத்திரி எங்கே தங்குவீங்க என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அமலு கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்று பயமாக இருந்தது.

குமுதா பையை எடுத்துக்கொண்டு காருக்குப் போனாள்.

அறையில் அமலு மட்டும் நின்றாள். சால்வையை மடித்து நாற்காலியில் வைத்தாள். கைப்பையிலிருந்து விசிலை எடுத்தாள். இருக்கிற ஆணி எதிலாவது மாட்டலாம் என்று கையைத் தூக்கினாள். கை அந்தரத்தில் நின்றது.

அடுத்த ஆணிக்கு நகர்ந்தாள். அங்கேயும் கை போகவில்லை. துருப்பிடித்தது ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். எதுவும் எதையும் சொல்லவில்லை.

வெளியே கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

"அக்கா! அக்கா, நில்லுங்க!"

செருப்புகூடப் போடாமல் ஓடினாள். அந்தக் கால் ஓடுகிற ஓட்டத்துக்கு என்ன குறைச்சல்? கேட்டைத் தாண்டுவதற்குள் காரைப் பிடித்துவிட்டாள். பின்னால் ஓடிவந்த பிள்ளைகள் தள்ளி நின்றார்கள்.

குமுதா தலையை வெளியே நீட்டினாள். காலையிலிருந்து அமலு பார்க்காத முகம் அது. கண் கலங்கியிருந்தது. கதவைத் திறந்து ஒரு காலைத் தரையில் வைத்தாள்.

"என்னடி, சொல்லு. என்ன?"

அமலுவுக்கு மூச்சு வாங்கியது. விசில் கையிலேயே இருந்தது.

"அந்தச் சுவத்துல… நீங்க மாட்டினது எந்த ஆணிக்கா?"

குமுதா அவள் கையைப் பார்த்தாள். தரையில் வைத்த காலைத் திரும்ப உள்ளே எடுத்துக்கொண்டாள்.

"ஜன்னல்ல கல்லு வெச்சிருக்கேன்" என்றாள். "மெதுவா அடி. விரல் பத்திரம்."

கார் போய்விட்டது.

அமலு அறைக்குத் திரும்பி வந்தாள். ஜன்னலில் கல் இருந்தது. அதன் பக்கத்தில் புது ஆணி ஒன்றும் இருந்தது.