இரண்டு திரைக்கு நடுவில்

குரு என்ற வடசொல்லுக்குக் கனமானவர் என்றும் பொருள் உண்டு. கடையநல்லூர் மீராள் பானுவின் எடை நாற்பத்தைந்து கிலோ, வயது முப்பத்து மூன்று. அவரிடம் பாடம் கேட்க வந்த கோமதிநாயகத்துக்கு வயது ஐம்பத்தொன்பது. மூடிப்போன பஞ்சாலையில் டைம் கீப்பராக இருந்தவர்.

இப்போது இருவருக்கும் தொழில் ஒன்றுதான். கணினியில் ஒரு படம் வரும். ‘இதில் நாய் இருக்கிறதா?’ என்று கேள்வி வரும். ஆம் அல்லது இல்லை. வேலை கொடுத்தவர் பதிலை ஏற்பார் அல்லது தள்ளுவார். ஏற்றவை நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்குக் கீழே போனால் பதிவு ரத்து.

கோமதிநாயகம் சரியாகத் தொண்ணூற்றைந்தில் நின்றார். இன்னும் ஒன்று தள்ளப்பட்டால் வெளியே. ஆலைக் கதவு ஒருமுறை சாத்தப்பட்டதைப் பார்த்தவர் அவர்.

“உனக்கு மட்டும் தொண்ணூத்தொம்பது எப்படிம்மா நிக்குது? என்னமோ ஒளிக்கே.”

“ஒளிக்க என்ன இருக்கு அண்ணாச்சி? படத்தைப் பாக்கேன். இருந்தா இருக்குன்னு போடுதேன்.”

அவர் நம்பவில்லை. இவ்வளவு எளிய பதிலை ஞானிகளும் திருடர்களும்தான் சொல்வார்கள். மீராள் எந்த வகை என்று அவருக்கு இன்னும் தீர்மானமாகவில்லை.

“என் ஏற்பாட்டை வந்து பாரு. ஓட்டை எங்கேன்னு சொல்லு.”

மீராள் போனார். மேசையில் இரண்டு திரைகள். இடது திரை புதிய வேலைகளைத் தானாகப் பிடித்து வைக்கும். வலது திரையில் பதில். மவுஸைத் தொடுவதில்லை, கை அங்கே போய் வந்தால் முக்கால் நொடி வீண். ஆலையில் வைத்திருந்த ஸ்டாப்வாட்ச் ஆணியில் தொங்கியது. படத்துக்கு நாலு நொடி.

பக்கத்தில் ஒரு நோட்டு. அதில் பதினேழாவது விதி: ‘பளிச்சென்று தெரிந்தால் அது பொறி. மாற்றிப் போடு.’

மீராள் அதை இரண்டு முறை வாசித்தார்.

“பொறின்னா?”

“நம்மளைச் சோதிக்கதுக்குன்னே நடுவுல சில படம் போடுவான்லா, அது. குருடனுக்கும் தெரியுறதை எவனாவது சும்மா கேப்பானா?”

“சரி. நீங்க வேலையைப் பாருங்க. நான் பின்னால நிக்கேன்.”

சிறிது நேரத்தில் கைபேசியில் படம் எடுத்த சத்தம் கேட்டது.

“என்னத்துக்குப் படம்?”

“ஒரு வேலைக்கு.”

மீராள் போனதும் கோமதிநாயகம் நோட்டை அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

மூன்றாம் நாள் காலை, புதிதாக ஒருவர் கொடுத்த வேலை வந்தது. ஓர் அறை. இரண்டு திரைகள். நடுவில், முதுகு காட்டியபடி, வழுக்கைத் தலை, பனியன், தோளில் பச்சைத் துண்டு. ‘இந்தப் படத்தில் மனிதர் இருக்கிறாரா?’

கோமதிநாயகம் சிரித்துக்கொண்டார். இவ்வளவு பளிச்சென்றா? பொம்மையாக இருக்கும். ‘இல்லை’ என்று அழுத்தினார். மூன்றரை நொடி.

தன் பிடரியைத் தானே கண்டவர் உலகில் இல்லை. அந்த மட்டுக்கு அவரை மன்னிக்கலாம்.

மதியம் மீராள் மடிக்கணினியோடு வந்து அதே படத்தைக் காட்டினார். கோமதிநாயகம் பச்சைத் துண்டைப் பார்த்தார். பிறகு தன் தோளைப் பார்த்தார். கை மெல்லப் பின்னந்தலைக்குப் போயிற்று.

“நீயா போட்டே?”

“வேலை கொடுக்கவளாவும் பதிஞ்சுக்கிடலாம் அண்ணாச்சி. உங்களுக்கு மட்டும்தான் அனுப்புனேன்.”

“பொறின்னு நெனச்சேம்மா.”

“ம்.”

“நீ தள்ளிட்டா என் பதிவு போச்சு.”

“தெரியும்.”

“தப்பான பதிலை நீ ஏத்துக்கிட மாட்டியே.”

“மாட்டேன்.”

அவர் மீராளின் முகத்தில் எதையோ தேடினார். ஸ்டாப்வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது.

“காலையிலயே ஏத்துக்கிட்டேன் அண்ணாச்சி,” என்றார் மீராள். “ரொம்ப நேரம் உத்துப் பாத்துட்டுத்தான். நீங்க ‘இல்லை’ன்னு போட்டது சரி.”