தோட்டாவுக்கு ஏற்ற மான்

அன்று காலை ஒச்சப்பனின் கடலைப் புஞ்சையில் இருந்தவர்கள்: புஞ்சைக்குச் சொந்தக்காரன் ஒச்சப்பன், அவன் மனைவி அங்கம்மா, ஊரில் மூத்தவன் என்ற ஒரே காரணத்தால் எல்லாம் தெரிந்தவனாகிவிட்ட மாயழகு, மாயழகு சொன்னதையே இன்னொரு முறை சொல்லும் பொன்னாங்கன், எதையும் பார்த்த மாத்திரத்தில் எடை சொல்லும் சுருளியாண்டி, யோசனை சொல்வதற்கென்றே பிறந்த கழுவன். ஆக, மனிதர் ஆறு. புள்ளிமான் பதினொன்று. மனிதர்கள் வரப்பில் நின்று பேசினார்கள். மான்கள் புஞ்சைக்குள் நின்று தின்றன.

ஆலாம்பள்ளம் மலையடிவாரத்து ஊர். அங்கே எல்லாம் விளையும், புத்தியைத் தவிர. ஒச்சப்பன் மட்டும் எண்ணுவதில் கெட்டிக்காரன். அவன் புஞ்சையில் முளைத்த கடலைச்செடி நாலாயிரத்து நாற்பது. அன்றைக்கு எண்ணியபோது மூவாயிரத்து அறுநூற்றுப் பன்னிரண்டு. வருஷம் முழுக்க வீட்டில் அடுப்பெரிய அந்தக் கடலையை விட்டால் வேறு வழியில்லை.

"இந்தக் கடலை வீடு வந்து சேரலேன்னா நான் எங்கண்ணன் ஊருக்குப் போயிருவேன்" என்றாள் அங்கம்மா. "அங்க மனுசங்க இருக்காங்க."

ஒச்சப்பன் அன்றே கிளம்பினான். ஜமீன் கச்சேரியில் அழுது புரண்டு, பயிரைக் காக்க ஒரு ரைஃபிள் வாங்கிக்கொள்ள லைசென்சு பெற்றான். துப்பாக்கி வாங்கப் பட்டணத்துக்கு ஐந்து ஆண்களும் கிளம்பினார்கள். ஒருவன் போதாதா என்று அங்கம்மா கேட்டாள். ஒருவன் போனால் மற்ற நான்கு பேருக்கு எப்படித் தெரியும் என்று மாயழகு திருப்பிக் கேட்டான்.

துப்பாக்கிக் கடைக்காரர் பொறுமைசாலி. மூன்று ரைஃபிள்களை எடுத்து மேசையில் வரிசையாக வைத்தார்.

"இது இருபத்திரண்டு. முயலுக்குச் சரி, மானுக்குப் பத்தாது. இது இருநூத்தி எழுபத்தஞ்சு. புள்ளிமானுக்கு இதுதான் ஏத்தது. லேசு, தோள்ல இடிக்காது. அந்தப் பெருசு முந்நூத்தி எழுபத்தஞ்சு. காட்டெருமைக்கு."

"எங்க ஊர்ல மான் பதினொண்ணுதாங்க ஐயா" என்றான் ஒச்சப்பன் கூச்சத்தோடு. "இருநூத்தி எழுபத்தஞ்சு எதுக்கு?"

"அது குழல் அளவுப்பா, மான் கணக்கு இல்ல. லேசான ரைஃபிளா பாத்து எடுத்துக்கோங்க. அது போதும்."

லேசானது எது என்று கண்டுபிடிக்க வேண்டும். அவர்கள் கடமையில் தவறாதவர்கள். நடுவில் இருந்ததைப் பொன்னாங்கன் ஒருவனாகத் தூக்கினான். தோளில் வைத்து, கையில் மாற்றினான். "கனக்குதுடா" என்று மாயழகு சொல்ல, "கனக்குது" என்றான். பெரியதைப் பார்த்ததும் எல்லாருக்கும் பயம். ஆகவே ஐந்து பேரும் சேர்ந்து ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். ரைஃபிள் பூப்போல எழும்பியது.

"அடேயப்பா! இருக்கிறதே தெரியல" என்றான் மாயழகு.

"இருக்கிறதே தெரியல" என்றான் பொன்னாங்கன்.

கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "யோவ், அந்தத் தோட்டாவுக்கு மிருகம் இருபது மணங்கு எடையாவது இருக்கணும். புள்ளிமான் மேல பட்டா கறியும் மிஞ்சாது, தோலும் மிஞ்சாது!"

"இருபது மணங்கு. குறிச்சுக்க" என்றான் மாயழகு. ஒச்சப்பன் மனதில் குறித்துக்கொண்டான். கடைக்காரர் இன்னும் இரண்டு விஷயம் சொன்னார். மானைக் கலைக்கக் கூடாது. மானுக்கும் ஆளுக்கும் நடுவில், காலடிக் கணக்கில், நூறு எட்டு இடம் இருக்க வேண்டும். அதற்குமேல் பேசத் தெம்பில்லாமல், பெரிய ரைஃபிளையும் பத்துத் தோட்டாவையும் கொடுத்து அனுப்பிவிட்டுக் கடையைச் சாத்தினார்.

ஐந்து பேரும் துப்பாக்கியைச் சேர்ந்தே தூக்கிக்கொண்டு, சப்பரம் வருவதுபோல ஊர் வந்து சேர்ந்தார்கள். போய்வந்த இரண்டு நாளில் முந்நூறு செடி போயிருந்தது.

வரப்பில் நின்று சுருளியாண்டி மான்களை உற்றுப் பார்த்தான். "ஒண்ணொண்ணும் அஞ்சு மணங்கு. அதுக்கு மேல ஒரு பலம் எடைகூட இல்ல."

எல்லார் முகமும் வாடியது. தோட்டாவுக்கு இருபது வேண்டும். மானிடம் இருப்பதோ ஐந்து.

"தோட்டாவ மாத்திட்டு வரலாமா?" என்றான் ஒச்சப்பன்.

"வாங்குன சாமானத் திருப்பிக் கொடுக்கிற பழக்கம் நம்ம ஊர்ல உண்டாடா?" என்று அதட்டினான் மாயழகு. "தோட்டா சரியாத்தான் இருக்கு. மான்தான் பத்தல."

கழுவன் வெகுநேரம் கண்ணை மூடி நின்றான். பிறகு சொன்னான்: "மானைத் தேத்துவோம்."

"எதை வச்சு?"

"அதுதான் முன்னால வெளஞ்சு கெடக்கே."

மறுநாளிலிருந்து மானுக்குப் பதினைந்து செடி வீதம் நாளுக்கு நூற்று அறுபத்தைந்து கடலைச்செடியை வேரோடு பிடுங்கி, மண் உதறி, மான்களுக்கு ஊட்டினார்கள். ஒச்சப்பன் தன் கையாலேயே பிடுங்கினான். முதல் நாள் மான்கள் மிரண்டன. நாலாம் நாள் கையில் வாங்கித் தின்றன. எட்டாம் நாள், செடி வரத் தாமதமானால் முட்டித் தள்ளின.

பத்தாம் நாள் அங்கம்மா தாங்க முடியாமல் ஒரு தாம்பாளத்தை எடுத்துவந்து கரண்டியால் படபடவென்று தட்டினாள். பதினொரு மானும் மலையேறி ஓடின. புஞ்சை காலியாயிற்று. அவ்வளவுதான் வேலை. ஆனால் ஐந்து பேரும் நெஞ்சில் அடித்துக்கொண்டு ஓடிவந்தார்கள்.

"பாவி மகளே! கலைக்கக் கூடாதுன்னு கடைக்காரர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரே! இந்த ஓட்டத்துல எவ்வளவு எடை எறங்கிருக்கும்?"

"ஒவ்வொண்ணுக்கும் அரைக்கால் மணங்கு" என்றான் சுருளியாண்டி, தூரத்தில் மறையும் வால்களைப் பார்த்துக்கொண்டே.

ஒச்சப்பனே மலைக்குப் போய், செடியைக் காட்டிக் காட்டிக் கெஞ்சி, பதினொன்றையும் திரும்பக் கூட்டிவந்தான். "நீ போ, வீட்டுக்குள்ள இரு" என்று மனைவியிடம் சொல்லும்போது அவனுக்கு அழுகை வந்தது. கடலையை நினைத்து அழுதானா, மான் இளைத்ததை நினைத்தா என்று அவனுக்கே தெரியவில்லை.

பதினெட்டு நாள் ஆயிற்று. செடி முந்நூற்று நாற்பத்திரண்டு. மண்டியிலிருந்து பெரிய தராசைக் கொண்டுவந்து ஒரு மானை ஏற்றினார்கள். சரியாக ஐந்து மணங்கு. உள்ளே போனதெல்லாம் புழுக்கையாகப் புஞ்சையில் கிடந்தது.

"நாலு மானைச் சேத்துக் கட்டு" என்றான் கழுவன். "நாலஞ்சு எவ்வளவு?"

ஒச்சப்பன் விரலை மடக்கி எண்ணி, இருபது என்றான். அத்தனை பேரும் கழுவனை வாய்பிளந்து பார்த்தார்கள்.

நான்கு மான்களை ஒரே கயிற்றில் நெருக்கிக் கட்டினார்கள். செடி தருவார்கள் என்று மான்களும் பேசாமல் நின்றன. மாயழகு மடியிலிருந்து ஒரு தோட்டாவை எடுத்து ரைஃபிளில் போட்டான். இனி நூறு எட்டு. ஐவரும் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு, ஒச்சப்பன் எண்ண, நூறு எட்டு நடந்து திரும்பினார்கள். மான்கள் முதுகுக்குப் பின்னாலேயே நின்றன. இன்னொரு நூறு நடந்தார்கள். மான்களும் நடந்தன. நண்பகலுக்குள் ஊரை மூன்று முறை சுற்றியாயிற்று. மானுக்கும் ஆளுக்கும் நடுவில் இருந்த இடம் ஒரு முழம்.

"ஒருத்தன் மானோட நிக்கணும்" என்றான் ஒச்சப்பன்.

"அப்ப தூக்க நாலு பேருதான். நாலு பேருக்கு இது லேசான ரைஃபிள் இல்லையே" என்றான் மாயழகு.

"லேசான ரைஃபிள் இல்லையே" என்றான் பொன்னாங்கன்.

கழுவன் மறுபடியும் கண்ணை மூடினான். "மானுக்கும் ஆளுக்கும் நடுவுல நூறு எட்டுன்னுதான் சொன்னாரு. துப்பாக்கி யாருகிட்ட இருக்கணும்னு சொன்னாரா?"

"சொல்லல."

"மானுக்குப் பதினாறு காலு. நமக்குப் பத்துதான். மானே தூக்கட்டும்."

நியாயம் என்று எல்லாருக்கும் பட்டது. ரைஃபிளை நான்கு மான்களின் முதுகின்மேல் வைத்து இறுக்கிக் கட்டினார்கள். கழுவன் பின்னால் ஒரு தட்டுத் தட்டினான். முதுகில் இரும்பு இடித்ததும் மான்கள் பாய்ந்தன. ஒச்சப்பன் உரக்க எண்ணினான்: "தொண்ணூத்தெட்டு... தொண்ணூத்தொம்பது... நூறு! நில்லுங்க!"

மான்கள் நிற்கவில்லை. துப்பாக்கியோடு மலையேறிவிட்டன. மற்ற ஏழும் பின்னாலேயே போயின.

மறுநாள் விடிந்ததும் பதினொன்றும் பசியோடு இறங்கிவந்து ஒச்சப்பனின் புஞ்சைக்குள் நுழைந்தன. நாலு மான்களின் முதுகில் ரைஃபிள் அப்படியே இருந்தது. குழல், வரப்பில் நின்ற ஐந்து பேரையும் நேராகப் பார்த்தது.

"தோட்டாவ எண்ணுங்கடா!" என்றான் மாயழகு.

ஒச்சப்பன் எண்ணினான். பத்தில் ஒன்பது மடியில் இருந்தது. ஒன்று மானிடம் இருந்தது.

"செத்தோம்" என்றான் பொன்னாங்கன். அவன் முதன்முதலாகச் சொந்தமாகச் சொன்ன வார்த்தை அது.

"இருங்க" என்றான் சுருளியாண்டி. நால்வரையும் மேலும் கீழும் பார்த்தான். "அந்தத் தோட்டாவுக்கு இருபது மணங்கு வேணும். நம்ம ஒவ்வொருத்தரும் அஞ்சுதான். தனி ஆளை அது ஒண்ணும் பண்ணாது."

எல்லாரும் மூச்சு விட்டார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்தார்கள். வரப்பில் ஐந்து பேர் சேர்ந்து நின்றிருந்தார்கள்.

"இருபத்தஞ்சு!" என்று கத்தினான் ஒச்சப்பன்.

நான்கு பேர் நான்கு திசையில் ஓடினார்கள். அன்று முதல் அந்த ஊரில் நாலு பேர் சேர்ந்தாற்போல நிற்பதில்லை. ஒருவன் செத்தால்கூட மூன்று பேர்தான் தூக்குகிறார்கள்; பாடையில் கிடப்பவனின் எடையைச் சேர்ப்பதா வேண்டாமா என்று இன்னும் வாதம் நடக்கிறது.

சத்தம் கேட்டு அங்கம்மா வந்தாள். புஞ்சையைப் பார்த்தாள், ஆயுதம் தாங்கிய மான்களைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். வீட்டுக்குப் போய்த் துணிமூட்டையை எடுத்துக்கொண்டு அண்ணன் ஊருக்கு நடந்தாள்.

"ஆமா, நீ தள்ளியே போயிரு தாயி! பக்கத்துல நின்னா எடை கூடும்!" என்று ஒச்சப்பன் நன்றியோடு கத்தினான். சொன்ன பேச்சைக் கேட்டு அவள் நடந்தது கல்யாணத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

பிறகு அவன் தன்னந்தனியாக, ஐந்து மணங்கோடு, எந்த ஆபத்தும் இல்லாமல் புஞ்சைக்கு நடுவில் நின்றுகொண்டான். பொழுது சாய்ந்தபோது, இரு பக்கமும் மான்கள் மேய, மிச்சமிருந்த செடியை எண்ணினான். பதினேழு. சரியாக எண்ணினோமா என்ற சந்தேகத்தில் மறுபடி எண்ணினான். பதினாறு.